டாக்டர் அல்லாத நாம் புதுத் தாய்மார்களுக்குத் துணை நிற்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்து, சிகிச்சை எடுத்து, மூன்று வருடமாக நன்றாக இருக்கிறீர்கள். அதே அனுபவம் உள்ள இன்னும் நான்கு பேரோடு சேர்ந்து, கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் ஒரு ஆதரவுக் குழு தொடங்க விரும்புகிறீர்கள். ‘எங்களில் யாரும் டாக்டரோ கவுன்சிலரோ இல்லை, எப்படித் தொடங்குவது?’ என்பது கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: ‘தெரியாமல் ஏதாவது சொல்லி ஒருத்தியை இன்னும் மோசமாக்கிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.’ நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். தொடங்கலாம், பலன் உண்டு. கெடுதல் செய்யவும் வாய்ப்பு உண்டு. ஆனால் கெடுதல் எங்கெங்கே வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம், அந்த இடங்களில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்தப் பயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாதவர்கள் நடத்தும் குழுக்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

முதலில், ஆய்வில் உறுதியாகத் தெரிந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவித்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலக் கோளாறு ஒன்று வருகிறது. பெரும்பாலும் அது மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது கர்ப்பத்தில் 15.6, பிரசவத்துக்குப் பின் 19.8 சதவீதம். அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேச மனநல மருத்துவர்கள் பெரும்பாலான நாடுகளில் இல்லை. தோழமைத் துணை அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புமா என்பதற்கு நல்ல சான்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு. பிரசவமான இரண்டு வாரத்துக்குள், மனச்சோர்வு வரும் அபாயம் அதிகம் என்று தெரிந்த 701 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மறுபாதிக்கு அதோடு ஒரு தோழியின் போன் அழைப்புகள். அந்தத் தோழிகள் தாங்களே மனச்சோர்விலிருந்து மீண்ட தாய்மார்கள், கிடைத்த பயிற்சி நான்கு மணி நேரம். பன்னிரண்டாவது வாரத்தில் மனச்சோர்வு அளவு உயர்ந்திருந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 25 சதவீதம், தோழி கிடைத்தவர்களில் 14 சதவீதம். போனில் பேசியதற்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் இது பெரிய வித்தியாசம்.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் போதும், தொடங்கிவிடலாம்’ என்று நினைக்க வேண்டாம். அந்த ஆய்வு மனச்சோர்வைத் தடுப்பதைப் பற்றியது. ஏற்கெனவே மனச்சோர்வில் இருக்கும் பெண்ணைத் தோழி ஒருத்தி மட்டுமே மீட்க முடியுமா என்பது வேறு கேள்வி, அதற்கான விடை இவ்வளவு தெளிவாக இல்லை. ‘திங்கிங் ஹெல்தி’ என்ற பேச்சுவழி முறையை பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமப்புறங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கொடுத்தபோது, ஆறாவது மாதத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் 23 சதவீதம். அது கிடைக்காத பகுதிகளில் 53 சதவீதம். அது 2008-இல் வெளிவந்தது. அதே முறையைச் சாதாரணப் பெண்களே கொடுக்கும்படி எளிமையாக்கி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் சோதித்த முடிவுகள் 2019-இல் வந்தன. கோவாவில் அந்தப் பெண்களுக்கு ‘சகி’ என்று பெயர். ஆறாவது மாதத்தில் மனச்சோர்வு நீங்கியவர்கள் சகி வந்த பெண்களில் 73 சதவீதம், மற்றவர்களில் 60 சதவீதம். ராவல்பிண்டியில் ஆறாவது மாத முக்கிய அளவீடுகளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. தோழமை உதவுகிறது. ஆனால் நோய் கடுமையாக ஆக, அது மட்டும் போதாமல் போகிறது. இதை வைத்தே உங்கள் குழுவின் வேலையை வரையறுத்துக்கொள்ளுங்கள்: அவளைத் தனியாக விடாமல் இருப்பது, சிகிச்சை தேவைப்பட்டால் அதுவரை கூடவே போவது. அவளைக் குணமாக்குவது உங்கள் வேலையில் சேராது. கெடுதல் நடந்த குழுக்களைப் பார்த்தால், படிப்பில்லை என்பதால் நடந்ததைவிட, இந்த எல்லையை மறந்து வைத்தியம் பார்க்கப் போனதால் நடந்ததே அதிகம்.

இந்த எல்லைக்கு இந்தப் பக்கம் உங்களால் செய்ய முடிவது டாக்டரால் முடியாதது. புதுத் தாய்க்குச் சோகத்தைவிட வெட்கம் பெரிய பாரம். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் தன்னால் மட்டும் அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை என்பதை அவள் யாரிடம் சொல்வாள்? கணவனிடம் சொன்னால் பயந்துவிடுவான், வீட்டில் சொன்னால் ‘நல்ல அம்மா இல்லை’ என்பார்கள், டாக்டரிடம் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அந்த நிலையில் ‘எனக்கும் ரெண்டு மாசம் அப்படித்தான் இருந்தது, குழந்தை அழுதா எழுந்து போகவே பிடிக்காது’ என்று ஒருத்தி சொல்லும்போது அவளுடைய தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் தகுதி உங்களிடம் இருக்கிறது.

அடுத்தது, எதை நீங்கள் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. நோயைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது தெரிய வேண்டும். பிரசவமான மூன்றாம் நாள் தொடங்கி, காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், மனம் சட்டென்று மாறுவது ஆகியவை பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். தூக்கமும் ஆறுதலும் போதும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருந்தால், எதிலும் பிடிப்பில்லை என்றால், குழந்தை தூங்கும்போதும் அவளால் தூங்க முடியவில்லை என்றால், அது மனச்சோர்வாகவோ பதற்ற நோயாகவோ இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தூக்கம் வருதா?’ என்று கேட்டால் கைக்குழந்தை உள்ள எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘குழந்தை தூங்கும்போது, வேற யாராவது பார்த்துக்கிட்டா, உங்களால தூங்க முடியுதா?’ என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பிரசவத்துக்குப் பிறகுதான் வரும் என்றும் நினைக்காதீர்கள், பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே களைப்பையும் சோர்வையும் காட்டும் என்பதால், சோர்வு நீடிக்கும் எவரையும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புவது நல்லது.

இன்னொன்று பலரைக் குழப்புவது. ‘குழந்தையைக் கீழே போட்டுடுவேனோ’, ‘கத்தியைப் பார்த்தாலே என்னென்னமோ தோணுது’ என்று ஒரு தாய் நடுங்கிக்கொண்டே சொல்லக்கூடும். வேண்டாத இந்த நினைப்புகள் புதுத் தாய்மார்களுக்கு மிகச் சாதாரணமாக வருபவை. அவள் அதை வெறுக்கிறாள், அதற்குப் பயந்து குழந்தையைத் தூக்கவே தயங்குகிறாள், கத்தியை ஒளித்துவைக்கிறாள் என்றால், அது பெரும்பாலும் பதற்றத்தின் வேலை. இதைக் கேட்டுத் தோழி முகம் மாறினால், அந்தப் பெண் அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். ‘இந்த மாதிரி நினைப்பு நிறைய அம்மாக்களுக்கு வருது, இதுக்கு நல்ல உதவி இருக்கு’ என்று சொல்லி, மருத்துவரிடம் சொல்லத் துணை நில்லுங்கள். இது பதற்றம்தானா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

இதற்கு நேர்மாறானது சைக்கோசிஸ், அதாவது நிஜம் எது, நிஜமில்லாதது எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சில சமயம் மணிக்கணக்கில் முற்றிவிடும். தூக்கமே தேவைப்படாத பரபரப்பு, கோர்வையில்லாத பேச்சு, குழப்பம், இல்லாத குரல்கள் கேட்பது, குழந்தை தன்னுடையது இல்லை என்றோ அதற்கு விசேஷ சக்தி இருக்கிறது என்றோ உறுதியாக நம்புவது, இவையெல்லாம் அடையாளங்கள். காலையில் நன்றாக இருந்துவிட்டு மாலையில் மாறிப்போவதும் உண்டு என்பதால் ‘இப்போ சரியாயிட்டா’ என்று ஏமாறக் கூடாது. இங்கே கேட்கும் காதுக்கு வேலையில்லை. இது அவசர நிலை. அன்றே, அந்த நேரமே மருத்துவமனை. தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. முன்பே இருமுனைக் கோளாறு (மனம் அளவுகடந்த உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் இது வந்தவர்களுக்கும் அபாயம் பல மடங்கு அதிகம். அப்படி ஒரு கர்ப்பிணி உங்களிடம் வந்தால் முதல் உதவியே, பிரசவத்துக்கு முன்பே மனநல மருத்துவரோடு ஒரு திட்டம் போடச் செய்வதுதான். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் நன்றாகவே மீள்கிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

புதுத் தாய்மார்களில் யாருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று பார்க்க உதவும் எடின்பரோ வினாத்தாளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1987-இல் வெளியான அந்தத் தாளில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. கடந்த ஏழு நாட்களை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். ‘தூக்கம் வரவில்லையா’ என்று வெறுமனே கேட்காமல், மன வருத்தத்தால் தூங்கச் சிரமமாக இருந்ததா என்று கேட்பது போன்ற நுணுக்கங்கள் இருப்பதால்தான் அது புதுத் தாய்மார்களுக்குப் பொருந்துகிறது. தமிழிலும் சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறது, நீங்களாக மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டாம். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் கவலைப்படுவது என்பது மொழிக்கு மொழி மாறும். அதனால் எந்த எண்ணை எல்லையாக வைப்பது என்பதை உங்களுக்குத் துணையாக வரும் மருத்துவரே சொல்லட்டும். உயர்ந்த மதிப்பெண் நோய் இருக்கிறது என்று சொல்லாது, பரிசோதிக்க வேண்டும் என்றுதான் சொல்லும். என் அபிப்பிராயம், முதல் ஆறு மாதம் நீங்கள் இதைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. தாளை நீட்டியவுடன் தோழி பரிசோதகராகிவிடுகிறாள். எடுத்தால் ஒரே ஒரு நிபந்தனை: பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு பதில் வந்தால் அந்தத் தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. அங்கேயே, அப்போதே பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதை உங்கள் ஐந்து பேரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நாக்கு எழாது. தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு. கேட்பதால் அபாயம் கூடுவதில்லை, கேட்கப்பட்டவர்கள் பலருக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: ‘செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா?’ ஆமாம் என்றால், எத்தனை முறை வருகிறது, எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறாளா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாளா, குழந்தையையும் சேர்த்து நினைப்பு வருகிறதா, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். ‘இப்படிக் கிடப்பதற்கு இல்லாமலே போகலாம்’ என்று மங்கலாகத் தோன்றுவதாகச் சொன்னால், அன்றைக்குள் ஒரு மருத்துவரிடம் பேச ஏற்பாடு, வீட்டில் ஒருவருக்குத் தெரியப்படுத்துவது, மறுநாள் காலை உங்கள் அழைப்பு. வழி யோசித்திருக்கிறாள், பொருள் இருக்கிறது, அல்லது முன்பு முயன்றிருக்கிறாள் என்றால், போனை வைக்காதீர்கள். உங்களில் இன்னொருவர் வேறு போனில் அவள் வீட்டாரையும் அவசர உதவியையும் அழைக்க வேண்டும், வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் வரும்வரை பேச்சு தொடர வேண்டும், மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றை அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு’ என்று கேட்டால் பண்ணாதீர்கள். பிரிட்டனின் தாய்மரண ஆய்வுகளில், பிரசவமான ஆறு வாரத்திலிருந்து ஒரு வருடம் வரையிலான காலத்தில், கர்ப்பமும் பிரசவமும் நேரடியாகக் காரணமான மரணங்களில் முதன்மைக் காரணமாகத் தற்கொலைதான் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. எப்போதோ ஒரு நாள் தேவைப்படலாம் என்று நினைத்துத் தள்ளிவைக்கும் பயிற்சி இல்லை இது.

ஆகையால் குழுவுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் எழுதுங்கள்: பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் மனநல அவசரப் பிரிவு இயங்குகிறது, உங்கள் பகுதியில் வேலை செய்யும் உதவி எண் எது, எந்த மகப்பேறு மருத்துவர், எந்த மனநல மருத்துவர் உங்கள் அழைப்பை எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு எண்ணையும் இரவில் ஒரு முறை அழைத்து, எடுக்கிறார்களா என்று பாருங்கள். பல பட்டியல்களில் பாதி எண்கள் வேலை செய்வதில்லை. உங்களை மேற்பார்வை செய்ய மனநலத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் கிடைக்காதவரை தொடங்காதீர்கள். மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அனுபவமுள்ள மனநலச் செவிலியோ உளவியலாளரோ போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் உங்கள் ஐந்து பேரோடும் உட்கார வேண்டும், கனமான அழைப்பு வந்த நாளில் போனில் கிடைக்க வேண்டும்.

யார் தோழியாகலாம் என்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். மீண்டு குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இது ஆய்வு சொன்ன எண் இல்லை, நடைமுறையில் பாதுகாப்பாக இருப்பது. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது தடையே இல்லை. தன் கதையைச் சொல்லும்போது அதற்குள் மூழ்கிவிடாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. மறுபடியும் கர்ப்பமானாலோ, வீட்டில் ஒரு இழப்பு நேர்ந்தாலோ, கொஞ்ச காலம் ஒதுங்கியிருக்க வழி இருக்க வேண்டும், அதை யாரும் குறையாக நினைக்கக் கூடாது. ஒரு தோழிக்கு ஒரே சமயத்தில் இரண்டு அல்லது மூன்று தாய்மார்களுக்கு மேல் வேண்டாம். ஒன்டாரியோவில் நான்கு மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது என்றால், அவர்களுக்குப் பின்னால் ஒரு முழுச் சுகாதார அமைப்பு இருந்தது. உங்களுக்கு அது இல்லை, எனவே இரண்டு முழு நாட்களாவது ஒதுக்குங்கள். அதில் பாதி நேரம் ஒருவர் தாயாகவும் ஒருவர் தோழியாகவும் நடித்துப் பழகுவதாக இருக்கட்டும்.

பழகும்போது வெளியே வரும் தவறுகள் பெரும்பாலும் அன்பினால் வருபவை. முதலாவது, அவள் பேச்சு நம் கதையாக மாறுவது. ‘எனக்கும்தான்’ என்று தொடங்கி ஐந்து நிமிடம் போய்விடும். உங்கள் கதைக்கு இரண்டு வாக்கியம், உடனே பேச்சு அவளிடம் திரும்ப வேண்டும். அதிலும் உங்கள் மிக மோசமான நாளைச் சொல்லாதீர்கள், அவள் இப்போது நிற்கும் இடத்துக்கு ஒத்த நாளைச் சொல்லுங்கள். இரண்டாவது, உடனடி ஆறுதல். ‘எல்லாம் சரியாயிடும்’, ‘குழந்தை முகத்தைப் பார்த்து மனசைத் தேத்திக்கோ’ என்பவை அவள் வாயை அடைக்கும் சொற்கள். ‘குழந்தையைப் பார்த்தா ஒண்ணுமே தோணல’ என்பதுதான் அவள் பிரச்சினையே. மூன்றாவது, யோசனைகளை அடுக்குவது. அவள் கேட்டால் ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள். ‘எனக்கு உதவினது இது, உங்களுக்கு எப்படியோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். தாய்ப்பாலா பால்பவுடரா, சுகப்பிரசவமா சிசேரியனா என்பதில் உங்களுக்கு எவ்வளவு உறுதியான கருத்து இருந்தாலும் குழுவுக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். பால் சுரக்கவில்லை என்ற குற்ற உணர்வோடு வந்தவளுக்குத் தோழியின் ஒரு தலையசைப்பே காயமாகிவிடும். பேச்சு தேங்கி நிற்கும்போது பதறாமல், அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: ‘ராத்திரி ஆனாலே பயம் ஆரம்பிக்குதுன்னு சொன்னீங்க.’ பெரும்பாலும் அவளே தொடர்வாள்.

தனியாகப் பேசுவதா, குழுவாகவா என்பதில் நான் முதலில் போனையே சொல்வேன். மனச்சோர்வில் இருப்பவளுக்குக் குளித்து, குழந்தையைத் தயார்செய்து, ஒரு இடத்துக்கு நேரத்துக்கு வருவது மலை ஏறுவது போல. உதவி கேட்டவளை இரண்டு மூன்று நாட்களுக்குள் அழையுங்கள், ஒன்டாரியோவிலும் 48 முதல் 72 மணி நேரம் என்றுதான் வைத்திருந்தார்கள். அழைத்தவுடன், ‘இப்போ பேச வசதியா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?’ என்று கேளுங்கள். பல வீடுகளில் போன் எல்லோர் கையிலும் இருக்கும், ஸ்பீக்கரில் இருப்பதுகூட உங்களுக்குத் தெரியாது. பேச முடியாத நேரத்துக்கு ஒரு சங்கேதச் சொல்லை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் இருப்பதாகத் தெரிந்தால் செய்தி எதையும் எழுத்தில் அனுப்பாதீர்கள், அந்த உதவிக்கான அமைப்புகளிடம் அவள் சம்மதத்தோடு கொண்டுசேருங்கள்.

குழுவாகக் கூடும்போது ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், இரண்டு தோழிகள். இரண்டு பேர் ஏன் என்றால், ஒருத்தி அழுதுகொண்டே எழுந்து வெளியே போனால் ஒரு தோழி கூடப் போக வேண்டும், இன்னொருத்தி மீதிப் பேரோடு இருக்க வேண்டும். குழந்தைகள் அழலாம், பால் குடிக்கலாம், நேரம் தவறி வரலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் அதே நான்கைந்து வரிகள்: இங்கே பேசியது இங்கேயே இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வோம், பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், கேட்காமல் யோசனை சொல்ல மாட்டோம், மருந்தைப் பற்றி டாக்டரிடம்தான். பிறகு ஒரு சுற்று, எல்லோருக்கும் ஓரிரு நிமிடம். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் புதிதாகக் கனமான எதையும் திறக்க விடாமல் பேச்சை இறக்கிக் கொண்டுவாருங்கள், திறந்த காயத்தோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். கடினமான பிரசவத்தைப் பற்றிப் பேசியாக வேண்டியவள் ஒருத்தி, அதைக் கேட்கக் கூடாத கட்டத்தில் இருப்பவள் இன்னொருத்தி, இருவருமே நஷ்டப்படுவார்கள். குழந்தையை இழந்த தாய்க்குக் கைக்குழந்தைகள் நிறைந்த அறை தாங்க முடியாத இடம். அவருக்கு அதே இழப்பைக் கடந்த ஒருவரைத் தனியாக இணைத்துக் கொடுங்கள். அப்படி யாரும் உங்களிடம் இல்லையென்றால் அதை நேராகச் சொல்லி, இருக்கும் இடத்தைத் தேடிக் கொடுங்கள்.

குழு என்றால் கூடிப் புலம்புவதுதானே என்று உங்கள் வீட்டில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஜார்கண்ட், ஒடிசா கிராமங்களில் பெண்கள் மாதந்தோறும் கூடித் தாய்-சேய் நலப் பிரச்சினைகளைத் தாங்களே பேசி முடிவெடுத்த குழுக்களைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைந்தது. மனச்சோர்வு மொத்தத்தில் குறையவில்லை என்றாலும், மூன்றாவது வருடத்தில் தாய்மார்களின் நடுத்தர மனச்சோர்வு 57 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தக் குழுக்கள் மனநலத்தைப் பற்றி வகுப்பு எடுத்தவை அல்ல. மூன்றாம் வருடத்தில்தான் அந்தப் பலன் தெரிந்தது என்பதையும் கவனியுங்கள், பொறுமை வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. இரவு இரண்டு மணிக்கு ஒருத்தி ‘இனி முடியல’ என்று எழுதுகிறாள், நாற்பது பேர் தூங்குகிறார்கள், காலையில் அதற்குக் கீழே யாரோ காலை வணக்கப் படம் போடுகிறார்கள். இப்படி ஒரு இரவு அவளை இன்னும் தனிமையாக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் கூட்ட நேரம் அறிவிக்க மட்டும் வையுங்கள், உறுப்பினர்கள் எழுத முடியாதபடி அமைத்துவிடுங்கள். எழுத விடுவதானால் எந்த நேரத்தில் பதில் வரும் என்பதையும், மற்ற நேரத்துக்கான உதவி எண்ணையும் குழுவின் விவரப் பகுதியிலேயே போடுங்கள். அதில் எல்லோருடைய போன் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குங்கள்.

மருந்து பற்றி ஒரே விதி. எந்த மாத்திரையையும் சாப்பிடச் சொல்லாதீர்கள், நிறுத்தவும் சொல்லாதீர்கள். ‘பால் கொடுக்கிறாய், மாத்திரை வேண்டாம்’ என்று வீட்டில் சொன்னதால் திடீரென்று நிறுத்தி, நோய் திரும்பியவர்கள் ஏராளம். செர்ட்ரலைன் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு மருத்துவர்கள் அவற்றைக் கொடுப்பது வழக்கம். வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் போல, கருவில் உள்ள குழந்தைக்குக் கேடு செய்வதால் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. அதனால்தான் பொதுவாக ‘பரவாயில்லை’ என்றோ ‘ஆபத்து’ என்றோ ஒரு தோழி சொல்லிவிட முடியாது. அவள் சார்பில் கேள்விகளை எழுதிக் கொடுப்பதும், டாக்டர் அறைக்கு வெளியே அவளோடு உட்கார்ந்திருப்பதும் உங்களால் முடியும்.

குறிப்பு எழுதி வைப்பதென்றால் தேதி, எவ்வளவு நேரம், அவசரம் எதுவும் இருந்ததா, அடுத்த அழைப்பு எப்போது என்ற நான்கு விவரங்கள் போதும். அவள் மனம் திறந்து சொன்னதை எழுத வேண்டாம். முடிவையும் தொடக்கத்திலேயே பேசுங்கள்: முதல் மாதம் வாரத்துக்கு ஒன்று இரண்டு அழைப்பு, பிறகு வாரம் ஒன்று, மூன்றாவது மாதத்திலிருந்து இடைவெளி கூட்டி, நான்காவது மாதத்தில் விடைபெறுதல். சொல்லாமல் திடீரென்று நின்றுபோகும் தோழமை, கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணத்தைத்தான் மிச்சம் வைக்கும். நான்கு வாரத்துக்குப் பிறகும் கொஞ்சமும் தேறவில்லை, அல்லது மோசமாகிறாள் என்றால் அழைப்புகளைக் கூட்டிப் பார்க்காதீர்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள், அதன் பிறகும் உங்கள் அழைப்பு தொடரட்டும்.

நீங்கள் எழுதியதில் ஒரு பெண்ணைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: உங்கள் தெருவில், பிரசவமாகி ஐந்து வாரம், யாரோடும் பேசுவதில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது. அவளைப் பார்க்காமல் அது என்ன என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வாரம் என்பது தானாகப் போகும் அழுகைக்கான காலத்தைத் தாண்டிவிட்டது. குழு அமையும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போங்கள். குழந்தையைக் கொஞ்ச நேரம் நீங்கள் வாங்கிக்கொண்டு, அவள் எப்படி இருக்கிறாள் என்று அவளைக் கேளுங்கள். மேலே சொன்ன தூக்கக் கேள்வியையும், சாவைப் பற்றிய கேள்வியையும் தவறாமல் கேளுங்கள். இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க எந்த நாள் வசதி என்று பேசி, கூட வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.